எலுமிச்சம்பழம் வைத்த சக்கரங்கள்

வியாழக்கிழமை காலையில் மணிமேகலையின் போன் அடித்தால், எடுத்துப் பார்க்காமலே பட்டறையில் எல்லோரும் சொல்லிவிடுவார்கள், பாப்பாரப்பட்டி தீர்த்தகிரி என்று. வியாழக்கிழமைதான் அவருடைய உரக்கடைக்குச் சரக்கு லாரி வராத நாள். வேலை இல்லாத நேரத்தில் மற்றவர்கள் வெற்றிலை போடுவார்கள். அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது, மணிமேகலையைக் கூப்பிடுவார்.

“என்னாம்மா, என் வண்டி எந்த ஸ்டேஷன்ல நிக்குது?”

“வந்துருங்கண்ணா. சக்கரம் மட்டுந்தான் பாக்கி.”

“போன தீவாளிக்கும் சக்கரந்தான் பாக்கின்ன. சக்கரம் இல்லாத வண்டிக்கு வூடுன்னு பேரும்மா.”

அவள் சிரித்துச் சமாளித்துவிட்டு போனை வைப்பாள். வைத்த பிறகு சிரிப்பு வராது. மனுஷன் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லையே.

மணிமேகலை செய்வது சின்ன ரயில் பெட்டிகள். பொம்மை என்று சொல்லிவிடக் கூடாது. வாங்குகிறவர்களுக்கு முகம் சுண்டிப்போகும். மாடல் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு சாணுக்குச் சற்று அதிகமான நீளத்தில், நீலப் பெயின்ட் அடித்த நம்மூர் ரயில் பெட்டி. ஜன்னல் கம்பி முதற்கொண்டு ஒன்று குறையாது. பேரன் பேத்தி எடுத்தவர்கள், பேங்க் மேனேஜர்கள், பல் டாக்டர்கள் என்று நாடெங்கும் இதற்கு ஆட்கள் உண்டு. மாடியில் பலகை போட்டு, தண்டவாளம் பதித்து, ஸ்டேஷன் கட்டி, கதவைச் சாத்திக்கொண்டு வண்டி விடுவார்கள். தீர்த்தகிரிக்கு உரக்கடைக்கு மேலே ஒரு அறை முழுக்க அதுதான் என்று கேள்வி. மணிமேகலை பார்த்ததில்லை.

ஓசூரில் டூல் அண்ட் டை, அதாவது பிளாஸ்டிக் வார்க்கும் மோல்டு செய்கிற படிப்பு படித்து, பிளாஸ்டிக் கம்பெனியில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, கல்யாணமாகி பொம்மிடிக்கு வந்தவள் அவள். பழைய மோல்டிங் மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டு இந்தத் தொழிலைத் தொடங்கினாள். புருஷன் மாதவராஜ் எலக்ட்ரீஷியன். பெட்டிக்குள் குண்டூசித் தலை அளவுக்கு விளக்கு வைப்பது அவன் வேலை. பெயின்ட் அடிப்பது சின்னம்மாள். கையில் பிரஷ் ஆடாது, வாய் மட்டும் ஓயாமல் ஆடும். இவர்களோடு இன்னும் இரண்டு பெண்கள். நாலு வீட்டு அடுப்பு அந்தப் பட்டறையை நம்பி எரிந்தது.

எல்லாம் அவர்களே செய்தார்கள், சக்கரத்தைத் தவிர. சக்கரம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். இரும்பு அச்சில் கோத்த உலோகச் சக்கரம். அச்சின் இரண்டு முனையும் ஊசி போலக் கூராக இருக்கும், அது பெட்டியின் அடிச்சட்டத்தில் போய் உட்கார்ந்து வழுக்கிக்கொண்டு சுற்றும். தண்டவாளத்தில் ஓடும் கரண்ட் சக்கரத்தின் வழியாகத்தான் பெட்டிக்குள் ஏறும். நல்ல சக்கரம் இல்லையென்றால் ஓட்டமும் இல்லை, விளக்கும் இல்லை.

அந்தச் சக்கரத்தைத்தான் சனி பிடித்தது. முதலில் கப்பல் இல்லை என்றார்கள். அப்புறம் தொழிற்சாலையை வேறு நாட்டுக்கு மாற்றுகிறோம், பொறுங்கள் என்றார்கள். பொறுத்தார்கள். ஒரு வருஷம் போன பிறகு ஒரு மெயில் வந்தது: இனிமேல் சக்கரம் பிளாஸ்டிக்தான், அச்சும் முன்னைவிடக் குட்டை, பழைய மாதிரியை நிறுத்திவிட்டோம். மாதிரிக்கு வந்ததை மாட்டிப் பார்த்தாள் மணிமேகலை. அப்பன் செருப்பை மகன் போட்டதுபோல லொடலொடவென்று ஆடியது. அடிச்சட்டத்தை வார்க்கும் மோல்டையே மாற்றினால்தான் பொருந்தும். அதற்கு எத்தனை மாதம் ஆகும் என்பது அந்தப் படிப்பு படித்த அவளுக்கு நன்றாகவே தெரியும்.

நாற்பது பேருக்குமேல் காத்திருந்தார்கள். அவர்கள் எல்லோரும் சேர்ந்த வாட்ஸப் குரூப்பைத் திறக்கவே அவளுக்குக் கை கூசியது. வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறோம் என்று நாற்பது பேரும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பட்டறைக் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

கும்பிட்ட சாமி கைவிடவில்லை. ஒரு வியாபாரியின் குடோனில் பழைய மாதிரிச் சக்கரம் கடைசியாக ஒரு பெட்டி இருப்பது தெரிந்து, கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்தாள். காத்திருந்தவர்கள் அத்தனை பேருக்கும் சரியாகப் போதும். அது வந்து சேர்ந்தது ஆயுத பூஜைக்கு முதல் நாள்.

அவள் சந்தோஷத்தைக் கேட்கவா வேண்டும். மறுநாள் மெஷினைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பொரி கடலை பரப்பி எல்லாம் முடிந்த பிறகும் அவளுக்கு மனசு அடங்கவில்லை. ஒன்றரை வருஷமாக எதற்காக ஏங்கினாளோ அது வந்திருக்கிறது. சக்கரப் பெட்டியைத் தூக்கிவந்து சாமி படத்துக்கு நேரே வைத்துத் திறந்தாள். வரிசை வரிசையாகப் படுத்திருந்த சக்கரங்கள்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். எலுமிச்சம்பழத்தை அறுத்து, குங்குமம் தோய்த்து, நாலு மூலைக்கும் நாலு மூடியாகச் சக்கரங்களின் மேலேயே வைத்தாள். கண் கலங்கக் கும்பிட்டாள். பூஜைக்கு வைத்ததை உடனே எடுக்கக் கூடாது; எறும்பு வரக் கூடாதென்று சக்கரப் பெட்டியை இறுக்கி மூடிவிட்டு, பட்டறையைப் பூட்டிக்கொண்டு மொரப்பூர் பக்கம் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். விஜயதசமி, அதை ஒட்டி ஞாயிறு, எல்லாம் கழிந்து திரும்பி வந்தாள்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது வாசனை. ஊறுகாய் ஜாடியைத் திறந்ததுபோல் இருந்தது.

எலுமிச்சைச் சாறு சொட்டி, மஞ்சள் தண்ணீரோடு கலந்து, பெட்டியின் அடிவரை இறங்கியிருந்தது. கையில் எடுத்த முதல் சக்கரத்தின் அச்சு முனை செங்கல் நிறத்தில் இருந்தது. அடுத்ததும் அப்படியே. கடைசி வரிசைவரை எடுத்துப் பார்த்தாள். ஊசிபோல் இருக்க வேண்டிய முனைகளெல்லாம் துருப்பிடித்துச் சொரசொரத்துக் கிடந்தன. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். இங்கே தாழியை உடைத்தது கும்பிட்ட கை.

சின்னம்மாள் எட்டிப் பார்த்தாள். கையிலிருந்த பிரஷைக் கீழே வைத்தாள். அப்புறம், “நல்ல மனசோடதான கண்ணு வெச்ச” என்றாள். அந்த ஆறுதல் மணிமேகலையை இன்னும் அழவைத்தது.

மாதவராஜ் ஒரு சக்கரத்தை எடுத்துத் துணியால் துடைத்து, எண்ணெய் விட்டு, அடிச்சட்டத்தில் மாட்டி உருட்டினான். ஓடியது.

“பாரு மணி, ஓடுதில்ல. எல்லாத்தயும் எண்ணெயில ஊறப்போட்டுத் தொடச்சு மாட்டி அனுப்பிரலாம்.”

“எத்தன நாளைக்குங்க ஓடும்?”

“அவங்க என்ன சேலத்துக்கா ஓட்டிக்கிட்டுப் போப்போறாங்க? மேசயச் சுத்தித்தான.”

அவள் அந்த அடிச்சட்டத்தை வாங்கிக் காதருகே வைத்து, விரலால் சக்கரத்தைச் சுற்றினாள். கிர்ரென்று மெல்லிய சத்தம் கேட்டது. துருப்பிடித்த முனை பிளாஸ்டிக்கை அரம்போல் தின்னும். ஆறு மாதத்தில் குழி விழும், பெட்டி சாயும், விளக்கு மினுக்மினுக்கென்று அடித்து அணைந்துபோகும். வாங்கியவர் தன்மேல்தான் ஏதோ தப்பு என்று நினைத்து எண்ணெய் விட்டுக்கொண்டே இருப்பார். ஒன்றரை வருஷம் காத்திருந்த மனுஷனுக்கு அதையா கொடுப்பது?

“வேணாங்க. சொல்லிரலாம்.”

“சொன்னா என்ன ஆவும்னு தெரியுதில்ல?”

“தெரியுது.”

மாதவராஜ் கையிலிருந்த துணியை மேசைமேல் எறிந்தான். கோபமோ என்று அவள் பயந்தாள். அவன் போனை எடுத்து, வெளிச்சம் விழுகிற பக்கமாக அந்தப் பெட்டியைத் திருப்பி வைத்தான். “பேசு, நான் எடுக்கறன்” என்றான். தனக்கு வாய்த்த புருஷனை நினைத்து அவள் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டாள். இந்தத் தடவை எலுமிச்சம்பழம் இல்லாமல்.

தெரிந்த இங்கிலீஷில் பாதியும் தமிழில் பாதியுமாக, எலுமிச்சம்பழ மூடியைக் கையில் தூக்கிக் காட்டி, நடந்ததை நடந்தபடி சொன்னாள். சக்கரம் போச்சு, இனி அந்தச் சக்கரம் எங்கும் கிடைக்காது, தப்பு என்னுடையது, ஆர்டர் வேண்டாம் என்று யார் சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை என்றாள். கடைசியில் சொன்னது பொய். குரூப்பில் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

சாயங்காலம் நிமிர்த்திப் பார்த்தபோது கொல்கத்தாக்காரர் ஒருவர், விஸ்வகர்மா பூஜைக்குத் தன் சின்ன இன்ஜினுக்குத் தானும் பொட்டு வைப்பதுண்டு என்று எழுதியிருந்தார். நாக்பூர்க்காரர் சிரிக்கிற பொம்மை ஒன்று போட்டிருந்தார். திட்டு எதுவும் இல்லை. ஆனால் மற்றவர்கள் வாயே திறக்கவில்லை. தீர்த்தகிரியும் திறக்கவில்லை.

வியாழக்கிழமை வந்தது. பட்டறையில் எல்லோர் கண்ணும் அந்த போன்மேல்தான். அது அடிக்கவில்லை. மத்தியானம் களியைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள் மணிமேகலை. ஒன்றரை வருஷமாக எப்போது இந்த மனுஷன் போன் செய்வதை நிறுத்துவார் என்று நினைத்திருக்கிறாள். நிறுத்தியபோது, சத்தம் வைத்திருக்கிறதா என்று போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள். திட்டுகிறவர் திட்டுவதை விட்டுவிட்டால் நம்மைக் கைகழுவிவிட்டார் என்று அர்த்தம்.

அடுத்த வாரம் ஒரு நாள், தருமபுரியில் பஸ் மாறி, தீர்த்தகிரி நேரிலேயே வந்து இறங்கினார். வேட்டியும் தோளில் துண்டும், கையில் மஞ்சள் பையுமாகப் பட்டறை வாசலில் நின்றவர், “பாப்பாரப்பட்டிம்மா” என்றதும் அவளுக்குக் குரல் தெரிந்துவிட்டது. குரலை வைத்து நல்ல உயரமான ஆளாக நினைத்திருந்தாள். நேரில் பார்த்தால் அவள் தோளுக்குத்தான் இருந்தார்.

“எங்கம்மா அந்தப் பெட்டி?”

காட்டினாள். ஒரு சக்கரத்தை எடுத்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். “உப்பு ஒண்ணுதான் கொறச்சல்” என்றார்.

பையிலிருந்து ஒரு தக்காளி விதை டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். கனமாக உட்கார்ந்தது. திறந்தாள். உள்ளே சக்கரம். பழைய மாதிரி, அதே நீள அச்சு, முனை மழுங்காத சக்கரம் டப்பா நிறைய.

“அண்ணா, ஏதுங்க இவ்ளோ?”

“வூட்ல சும்மா கெடந்துது. எனக்குன்னு தனியா எடுத்து வெக்காத. யாரு மொதல்ல சொன்னாங்களோ அவங்களுக்கு மாட்டு. என்னுது வரிசையில எப்ப வருதோ வரட்டும்.”

“உங்களுக்கு எப்பிடிங்கண்ணா…”

“நீ பட்டறயச் சாத்திட்டீன்னா நான் வியாழக்கெழம யாரு கூடப் பேசறது?” என்று எரிந்து விழுந்தார். கொடுத்த டீயை நின்றபடியே குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நடையைக் கட்டினார்.

அவர் போன பிறகுதான் மாதவராஜ் குரூப்பைப் பார்த்தான். அந்த விதை டப்பாவைப் படம் பிடித்துப் போட்டு, பெரிய எழுத்து இங்கிலீஷில் தீர்த்தகிரி ஒரே வரி எழுதியிருந்தார்: வீட்டில் சும்மா கிடக்கும் பழைய சக்கரங்களைப் பொம்மிடிக்கு அனுப்புங்கள்.

வரத் தொடங்கின. நாக்பூரிலிருந்து ஒரு மாத்திரை டப்பா. கொல்கத்தாவிலிருந்து பட்டுத்துணி சுற்றிய ஸ்வீட் பெட்டி. கொச்சியிலிருந்து, பூனாவிலிருந்து, பேர்கூடச் சரியாக வாசிக்க வராத ஊர்களிலிருந்து. கூரியர்காரப் பையன் தினமும் இரண்டு நடை வந்தான். ஒவ்வொன்றிலும் சக்கரம். கூடவே, சொல்லி வைத்ததுபோல் எல்லோரும் ஒரே மாதிரி ஒரு வரி: வீட்டில் சும்மா கிடந்தவை.

ஒவ்வொரு டப்பாவையும் திறந்து அந்த வரியை மணிமேகலை இரண்டு தடவை வாசித்தாள். முகம் தெரியாதவர்கள். சரக்கு தரவில்லை என்று கோபப்பட வேண்டியவர்கள். தங்கள் அலமாரியைக் குடைந்து எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இந்த ஜென்மத்தில் எப்படித் திருப்பிச் செய்வது என்று புரியாமல் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

“இதுல யோசிக்க என்ன இருக்குது” என்றாள் சின்னம்மாள். “எங்கூர்ல களையெடுப்புக்கு மாத்தாள் போவமில்ல, அதுமாதிரிதான். இன்னிக்கி அவங்க ஆளு நம்ம காட்ல. நாளைக்கி நாம அவங்க காட்டுக்குப் போவணும். அவ்ளோதான்.”

அந்தப் பேச்சு மணிமேகலைக்குப் பிடித்துக்கொண்டது. மறுநாளே ஓசூரில் கூடப் படித்த தேவிப்பிரியாவைக் கூப்பிட்டாள். அவள் லேத் பட்டறை நடத்துகிறாள். வெளிநாட்டை இனி நம்ப வேண்டாம், இதே அளவில் இங்கேயே பித்தளையில் சக்கரமும் துருப்பிடிக்காத எஃகில் அச்சும் கடைய முடியுமா என்று கேட்டாள். முடியும், ஆனால் அளவு பிடிபடக் கொஞ்சம் நாளாகும் என்றாள் தேவிப்பிரியா. நாளாகட்டும். எலுமிச்சை பட்டாலும் துருப்பிடிக்காததாக இருக்கட்டும் என்றாள் மணிமேகலை.

வந்த சக்கரங்களைத் தரம் பிரித்து, சுத்தம் செய்து, வரிசைப்படி மாட்டினார்கள். பெட்டிகள் ஊர் ஊராகப் புறப்பட்டன. வரிசையில் கடைசியாக வந்தது தீர்த்தகிரியின் நாலு பெட்டி. அதைக் கூரியரில் போட அவளுக்கு மனசு வரவில்லை. அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

பாப்பாரப்பட்டியில் அன்று சந்தை. உரக்கடையில் கூட்டம் நின்றது. தீர்த்தகிரி இரண்டு பேருக்கு நடுவில் எதையோ எடைபோட்டுக்கொண்டிருந்தவர், அவளைப் பார்த்ததும் கையை உயர்த்தி, “கீழயே இரும்மா, வந்துடறன்” என்று கத்தினார். அதற்குள் அவர் மனைவி சாலம்மாள் வந்து அவள் கையைப் பிடித்துவிட்டாள்.

“வெயில்ல எதுக்கு நிக்கற. மேல வா சாமி. நீதான பொம்மிடிப் பொண்ணு? உன்ன நெனைக்காத நாளில்ல எங்கூட்ல.”

மாடி அறையைச் சாலம்மாள் திறந்தாள். அறை முழுக்கப் பலகை, அதன்மேல் தண்டவாளம், சின்ன ஸ்டேஷன், சின்ன வேப்பமரம். மொரப்பூர் என்று பெயர்ப்பலகைகூட இருந்தது. தண்டவாளத்தில்தான் வண்டி எதுவும் இல்லை.

வண்டிகளெல்லாம் சுவரோர அலமாரியில் இருந்தன. நீலப் பெட்டி, சிவப்புப் பெட்டி, சரக்குப் பெட்டி, பால் டேங்கர் என்று தட்டுக்குத் தட்டு. ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டிரண்டு காலித் தீப்பெட்டி. ஷெட்டில் செங்கல்மேல் தூக்கி நிறுத்திய பழைய கார்கள்போல, ஒன்றுக்குக்கூடச் சக்கரமில்லாமல், அத்தனையும் தீப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தன.

“ஒரு வாரமா கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒண்ணொண்ணாக் கழட்டிக்கிட்டு இருந்தாரு” என்றாள் சாலம்மாள். “வியாழக்கெழமகூடக் கீழ எறங்கல. சோத்துக்குக் கூப்புட்டா, பேசாத, சின்ன ஸ்குரூ தொலஞ்சிரும்ங்கறாரு. இப்ப வந்து தெனமும் சும்மா பாத்துட்டு வெளக்க அணைச்சுட்டுப் போறாரு.”

மணிமேகலை அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சும்மா கிடந்தது. மாத்திரை டப்பாவில் வந்ததும் சும்மா கிடந்ததுதான். பட்டுத்துணியில் வந்ததும் அப்படித்தான். நாக்பூரில், கொல்கத்தாவில், கொச்சியில், எங்கெங்கோ பூட்டிய அறைகளில் எத்தனை பெட்டிகள் எதெதன்மேலோ இப்படி உட்கார்ந்திருக்கும் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். சாலம்மாள் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

படியேறி வந்த தீர்த்தகிரி வாசலிலேயே நின்றுவிட்டார். “கீழ இருன்னன் இல்ல” என்று மனைவியையும் அவளையும் பொதுவாக முறைத்தார்.

“சும்மா கெடந்துதுன்னீங்களேண்ணா.”

“சும்மாதான கெடந்துது. பெட்டிக்கு அடியில சும்மா கெடந்துது.” பேச்சை மாற்ற அவசரப்பட்டவராக அட்டைப் பெட்டியை வாங்கிப் பிரித்தார். நாலு பெட்டியையும் ஒவ்வொன்றாகத் தண்டவாளத்தில் வைத்து, பலகைக்கு அடியில் தனியாக வைத்திருந்த இன்ஜினை எடுத்துக் கோத்து, பலகை ஓரத்துக் குமிழைத் திருகினார். வண்டி நகர்ந்தது. சக்கரம் கரண்டைத் தொட்டதும் ஜன்னல் ஜன்னலாக வெளிச்சம் ஏறியது. மொரப்பூரில் நிற்காமல், வேப்பமரத்தைச் சுற்றி, தீப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்த பெட்டிகளை ஒட்டி ஓடியது. சத்தமே இல்லை. மூன்று பேரும் அது சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

“அண்ணா, ஓசூர்ல நம்மளே சக்கரம் கடையறோம்” என்றாள் அவள். “எல்லாருக்கும் திருப்பித் தரப்போறன். மொதல் லாட்டு உங்களுக்குத்தாங்க. இந்த அலமாரி முழுக்க மாட்டிக் குடுத்துட்டுத்தான் மத்தது.”

அவர் வண்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எனக்குக் கடேசியில குடும்மா. அவங்கல்லாம் தூரத்துல இருக்கறவங்க, வாய்விட்டுக் கேக்கக் கூச்சப்படுவாங்க. நான் இங்கதான இருக்கறன். எத்தன நாள் ஆனாலும் ஆவட்டும், எனக்கு அவசரமில்ல.”

ஒன்றரை வருஷத்தில் அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. நன்றி என்று சொல்ல நினைத்தாள். அது போதாது என்று தோன்றியது. குனிந்து, இரண்டு பேர் காலையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அடுத்த வியாழக்கிழமை காலையில் தீர்த்தகிரி போனை எடுப்பதற்கு முன்பே அவர் கடையில் போன் அடித்தது. பொம்மிடியிலிருந்து மணிமேகலை.

“அண்ணா, நாந்தான். உங்க சக்கரம் ஓசூர்ல நிக்குதுங்க.”